கோடுகளுக்கு நடுவிலும் காந்தப்புலம் உண்டு என்று பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்குக் காந்தவியல் நடத்துகிறீர்கள். சட்டக் காந்தத்தின் மேல் அட்டை வைத்து, இரும்புத்தூள் தூவிக் காட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள், படமும் வரைந்தார்கள். அப்புறம் "இரண்டு கோடுகளுக்கு நடுவே காலியாகத் தெரிகிற இடத்தில் காந்தப்புலம் இருக்கிறதா?" என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் "இல்லை" என்றிருக்கிறார்கள். அதிகம் செலவில்லாமல் வேறு என்னென்ன செய்து காட்டலாம் என்பது உங்கள் கேள்வி. சோதனைகளின் பட்டியலைக் கேட்பது போல இருந்தாலும், உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாமல் இடம் முழுக்கப் பரவியிருக்கிற ஒன்றைப் பிள்ளைகள் வெறும் கோடுகளாக மனத்தில் பதித்துக்கொள்ளாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் அது.

மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் என் முதல் யோசனை, புதிய சோதனை எதையும் தேடாமல் வரிசையை மட்டும் மாற்றுங்கள் என்பதே. இரும்புத்தூளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, காந்த ஊசியில் தொடங்குங்கள். தூளைப் பார்த்த உடனே பிள்ளைக்கு முழுப் படமும் கிடைத்துவிடுகிறது, அதற்கு மேல் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. காந்த ஊசியோ ஓரிடத்தில் வைத்தால் அந்த ஓரிடத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இங்கே எந்தத் திசை? ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்? முனைக்கு நேராக வைத்தால்? ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு திசையும் ஒரு வலிமையும் உண்டு என்பதுதான் புலம். ஊசியை இடம் மாற்றி மாற்றி வைக்கிற கைக்கு அது தானாகவே பழகிவிடும்.

செய்முறை எளிது. மர மேசையில் ஒரு சார்ட் தாளை விரித்து நடுவில் சட்டக் காந்தத்தை வையுங்கள். ஒரு பிள்ளை வந்து தனக்குப் பிடித்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். ஊசியை வைப்பதற்கு முன், அந்தப் புள்ளியில் ஊசியின் வடமுனை எந்தப் பக்கம் காட்டும் என்று பென்சிலால் ஓர் அம்பு போட வேண்டும். பிறகு ஊசியை வைத்துப் பார்த்து, உண்மையான திசையைச் சிவப்பில் போட வேண்டும். பத்துப் பதினைந்து பேர் வந்து போனதும் தாளில் சிவப்பு அம்புகள் நிறைந்துவிடும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் கேட்காமலே, அம்புகளைச் சேர்த்து வளைகோடு வரையலாமே என்பார். அங்கேதான் கோடு பிறக்க வேண்டும், பிள்ளைகள் தாங்களே அளந்த அம்புகளிலிருந்து. கோடுகள் வரைந்து முடித்த பிறகு, உங்கள் தேர்வுக் கேள்வியை ஊசியிடமே கேளுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் வைத்தால் ஊசி ஒரு திசையைக் காட்டும். அந்த இடத்துக்கும் பக்கத்துக் கோட்டுக்கும் நடுவில் வைத்தாலும் காட்டும். ஊசியின் அளவு எவ்வளவு தூரம் இடம் கொடுக்கிறதோ அவ்வளவு தூரம் போகலாம்.

இதில் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். பள்ளிகளில் இருக்கும் மலிவான காந்த ஊசிகளில் சில, வலுவான காந்தத்துக்குப் பக்கத்தில் கிடந்து முனை மாறியிருக்கும். வகுப்புக்கு முன்னால் எல்லாவற்றையும் காந்தம் இல்லாத இடத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். மாறிப்போனது இருந்தால், ஊசி கண்ணாடியில் சிக்கி நிற்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலுவான ஒரு காந்தத்தின் தென்முனையை ஊசியின் நடுவிலிருந்து, வடக்கு காட்ட வேண்டிய நுனியை நோக்கி மேலே இழுத்துவிடுங்கள், சரியாகிவிடும். இரண்டாவது, இரும்புக் கால் வைத்த மேசையும் பையிலிருக்கும் செல்போனும் ஊசியைத் திருப்பிவிடும். மூன்றாவது, ஊசிகள் போதாதென்றால் தையல் ஊசியைக் காந்தமாக்கிக்கொள்ளலாம். காந்தத்தின் வடமுனையால் ஊசிக் காதிலிருந்து முனை நோக்கி, ஒரே திசையில், ஒவ்வொரு முறையும் தூக்கி எடுத்து, முப்பது நாற்பது தடவை தேய்த்தால் போதும். கூர்முனை தென்முனையாகும், காது வடக்கு காட்டும். ஒரு துண்டு தெர்மோகோலில் செருகிக் கொட்டாங்குச்சித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம், சில வகை எவர்சில்வரைக் காந்தம் இழுக்கும்.

இதே தாளில் இன்னொன்றும் கிடைக்கும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். காந்தத்தின் வடமுனை புவியின் வடக்கு நோக்கி இருக்கும்படி வைத்தால், காந்தத்துக்குக் கிழக்கே ஓரிடத்திலும் மேற்கே ஓரிடத்திலும் ஊசி எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தடுமாறும். அங்கே சட்டக் காந்தத்தின் புலமும் புவியின் புலமும் அளவில் சமமாக, எதிரெதிராக இருக்கின்றன. அதுதான் பாடத்தில் வரும் நடுநிலைப் புள்ளி. காந்தத்தைத் திருப்பித் தென்முனை வடக்கு நோக்கும்படி வைத்தால் அந்தப் புள்ளிகள் காந்தத்தின் நீளவாட்டுக் கோட்டுக்குப் போய்விடும். எங்கே போகும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுத் திருப்புங்கள். இரண்டு புலங்கள் ஒரே இடத்தில் கூடும், ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்பதை ஒரு சூத்திரமும் இல்லாமல் பார்த்துவிடலாம். வெறும் கோடுகளாக நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய இடி, ஏனென்றால் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டைக் கழிக்க முடியாது.

இனி இரும்புத்தூளுக்கு வருவோம். தூள் காட்டுவது பொய் இல்லை. ஆனால் அது என்ன காட்டுகிறது என்று நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு துகளும் புலத்தில் ஒரு குட்டிக் காந்தமாகிறது. நீளவாட்டில் ஒன்றின் வடமுனை அடுத்ததன் தென்முனையோடு சேர்ந்து சங்கிலி ஆகிறது. பக்கத்துச் சங்கிலிகளோ ஒன்றையொன்று தள்ளுகின்றன, அதனால்தான் நடுவில் இடைவெளி விழுகிறது. ஆக இடைவெளி தூளால் வந்தது, காந்தப்புலத்தில் இடைவெளி கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. காந்தத்தின் மேல் அட்டை வைத்துத் தூள் தூவித் தட்டுங்கள். மேலே ஒரு கண்ணாடித் தாளைப் பிடித்து, தெளிவாகத் தெரியும் சங்கிலிகளை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். தூளைக் கொட்டிவிட்டு, காந்தத்தை அசைக்காமல், மறுபடியும் தூவி இன்னொரு கண்ணாடித் தாளில் வரையுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுங்கள். வளைவின் வடிவம் ஒன்றாக இருக்கும், தனித்தனிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாது. முதல் முறை "காலி"யாக இருந்த இடத்தில் இரண்டாம் முறை கோடு வந்திருக்கும். உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இந்த இரண்டு தாள்கள்தான். தூளை வைத்து ஒரே ஒரு சோதனை செய்ய முடியும் என்றால்கூட இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உங்கள் பிள்ளைகளை இதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். மைக்கேல் ஃபாரடே 1851இல் இரும்புத்தூள் படங்களைத் தாளில் ஒட்டவைத்துப் பாதுகாத்தவர். அடுத்த ஆண்டே, விசைக்கோடுகள் இயற்பியல் ரீதியாக உண்மையில் இருப்பவை என்று வாதிட்டு எழுதவும் செய்தார். இன்றைய இயற்பியலில் புலம் உண்மையானது, அதற்கு ஆற்றலும் உண்டு. கோடுகள் மட்டும் நாம் எத்தனை வரைய விரும்புகிறோமோ அத்தனை. ஃபாரடேயின் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தங்கள் எண்ணம் எவ்வளவு பெரிய மனிதருக்கும் தோன்றியது என்று தெரிந்தால் அதைத் தயங்காமல் வெளியே பேசுவார்கள்.

இரும்புத்தூளுக்கு லேத் பட்டறையில் கேட்டாலே கொடுப்பார்கள். சுருள் சுருளாக வருவது வேண்டாம், அரத்தூள் மாதிரி நைஸாக இருப்பதுதான் நல்லது. கடற்கரை ஊர் என்றால் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் இழுத்தால் கறுப்பு மணல் ஒட்டிக்கொண்டு வரும். அதில் காந்தம் இழுக்கும் இரும்புக் கனிமமான மேக்னடைட் இருக்கிறது, தூளுக்குப் பதிலாக அதையே பயன்படுத்தலாம். பையை உள்வெளியாகத் திருப்பினால் மணல் தனியாக விழும், காந்தத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புலம் தட்டையானது இல்லை, எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று காட்ட, ஒரு கண்ணாடி பாட்டிலில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் தூள் போட்டுக் குலுக்குங்கள். ஒரு சோதனைக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டு நடுவில் இறக்குங்கள். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தூள் மெதுவாக நகர்ந்து, காந்தத்தைச் சுற்றி முள் முள்ளாக நிற்கும்.

இன்னொரு அழகான சோதனை, மிதக்கும் ஊசி. காந்தமாக்கிய நீளமான ஊசியை ஒரு கார்க்கில் செங்குத்தாகச் செருகி, வடமுனை தண்ணீருக்குச் சற்று மேலே தெரியும்படி மிதக்க விடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பை ஒட்டிச் சட்டக் காந்தத்தைப் படுக்க வைத்து, கார்க்கைக் காந்தத்தின் வடமுனைக்குப் பக்கத்தில் விடுங்கள். அது நேராகத் தென்முனைக்குப் போகாமல் வளைந்து போகும். அந்தப் பாதை விசைக்கோட்டை ஒத்திருக்கும் என்றுதான் சொல்லலாம், அதே கோடு என்று சொல்ல முடியாது. ஊசியின் அடிமுனையும் இழுபடுகிறது, கார்க்குக்கு ஓடுகிற வேகமும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "பொருள்கள் கோட்டின் மேல்தான் ஓடும்" என்று இன்னொரு தப்பான எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மின்னோட்டத்தின் காந்தப்புலத்துக்கு, 1820இல் கோபன்ஹேகனில் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் கண்டதையே, அதாவது மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதையே, செய்து காட்டுங்கள். காந்த ஊசிக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், வடக்கு தெற்காக ஒரு கம்பியைப் பிடித்து, பெரிய டார்ச் செல்லின் இரு முனைகளிலும் ஓரிரு நொடி தொடுங்கள். தமிழ்நாட்டில் புவியின் கிடைத்தளப் புலம், அதாவது தரைக்கு இணையான பகுதி, ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). 2 ஆம்பியர் ஓடும் நேர்கம்பியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கிடைக்கும் புலமும் அதே 40 மைக்ரோ டெஸ்லா. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து, அதனால் ஊசி 45 பாகை திரும்பும். புதிய செல் ஓரிரு நொடிக்கு அந்த அளவு மின்னோட்டம் தந்துவிடும். மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில், ஊசி திரும்பும் கோணத்தை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் செய்வதும் இதே கணக்குதான். பிறகு கம்பியை ஊசிக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஊசி எதிர்ப்பக்கம் திரும்பும், புலம் கம்பியைச் சுற்றி வட்டமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கம்பியைக் கிழக்கு மேற்காகப் பிடித்தால்? பெரும்பாலும் ஊசி அசையாது, அல்லது மின்னோட்டம் ஒரு திசையில் வலுவாகப் போனால் தலைகீழாகத் திரும்பும். ஓர்ஸ்டெட் சோதனை "வேலை செய்யவில்லை" என்று வருகிற புகார்களில் பல, கம்பியை இப்படிப் பிடித்ததால் வருபவை.

செல்போன் உள்ள ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் காந்தப்புலம் அளக்கும் உணரி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் செய்த ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதன் அளவைக் காட்டும். போனின் ஓர் அச்சு கிழக்கு மேற்காக இருக்கும்படி வையுங்கள், அந்த அச்சில் புவியின் புலம் ஏறக்குறையப் பூஜ்யமாகிவிடும். அதே அச்சின் கோட்டில் சட்டக் காந்தத்தையும் நீளவாட்டில் வைத்து, உணரியிலிருந்து காந்தத்தின் நடுப்பகுதி வரை 20 சென்டிமீட்டரில் ஓர் அளவும் 40 சென்டிமீட்டரில் ஓர் அளவும் எடுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் புலம் பாதியாகும் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள், சிலர் கால்வாசி என்பார்கள். கிடைப்பது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மிகப் பக்கத்தில் வைத்தால் இந்த விகிதம் பொருந்தாது. வலுவான நியோடிமியம் காந்தத்தைப் போனிடம் கொண்டுபோகாதீர்கள், உணரியின் அளவீடு குழம்பிவிடும்.

புவியின் புலம் தரைக்குச் சாய்வாக இருக்கிறது என்பதற்குச் சாய்வு ஊசிச் சோதனை செய்ய நினைத்தால், ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். வெளிநாட்டுப் புத்தகப் படங்களில் ஊசி செங்குத்தாகக் கீழே பாய்வது போல இருக்கும். லண்டனில் அந்தச் சாய்வு 66 பாகை அளவில் இருக்கிறது. நம்மிடம் காந்த நடுக்கோடு, அதாவது புவியின் புலம் சாய்வே இல்லாமல் படுக்கையாக இருக்கும் கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது, திருநெல்வேலிப் பக்கம் ஊசி கிட்டத்தட்டப் படுக்கையாகவே நிற்கும். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அந்த நடுக்கோட்டுக்கு அருகாமை என்பதால்தான். ஊசி சாயவில்லை என்றால் சோதனை தோற்றுவிட்டதாகச் சொல்லாதீர்கள், நாம் புவியின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதைத்தான் அது சொல்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூலில் கட்டிய குண்டூசியைக் காந்தத்துக்குக் கீழே அந்தரத்தில் நிறுத்தி, நடுவில் தாள், கண்ணாடி, அலுமினியத் தாள், கடைசியில் தகர டப்பா மூடி என்று நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தகரத்துக்கு மட்டும் குண்டூசி விழும். இரும்பு புலத்தைத் தடுத்து நிறுத்தவில்லை, தன் வழியாகத் திருப்பிக்கொள்கிறது என்று சொல்வதே சரி. அலுமினியக் குழாயில் காந்தம் மெதுவாக இறங்குவது எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு மீட்டரைத் தடையின்றி விழுந்து கடக்க அரை நொடிகூட ஆகாது, குழாய்க்குள் அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். ஆனால் அது மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கு உரியது. புலம் என்றால் என்ன என்றே தெளியாத பிள்ளைக்கு அது வெறும் மாயவித்தையாக நின்றுவிடும் என்பது என் கருத்து. ஒரு செல், இரண்டு ஊக்குகள், மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் கம்பி, ஒரு பழைய காந்தம் ஆகியவற்றைக் கொண்டு எளிய பொருள்களால் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தா பிரபலப்படுத்திய மோட்டாரைக் கட்டாயம் செய்ய வையுங்கள். கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுக்கவும், மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும் பாதியாகவும் சுரண்ட வேண்டும். சுற்றாத மோட்டார்களில் அநேகமாக அங்கேதான் கோளாறு இருக்கும்.

இதெல்லாம் பிள்ளைகளின் புரிதலை உண்மையிலேயே மாற்றுமா என்பதில் இயற்பியலைப் போல உறுதியாகப் பேச முடியாது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. செய்முறை விளக்கத்தை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொன்னவர்கள் தெளிவாகவே முன்னேறினார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள், நம் ஒன்பதாம் வகுப்புக்கு அதே அளவு பலன் வரும் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் என் வகுப்புகளில் பென்சில் அம்பு போட்ட பிள்ளை ஊசியைப் பார்க்கும் விதமே வேறாக இருந்தது. அதனால்தான் ஒவ்வொரு சோதனையிலும் "முதலில் கேளுங்கள்" என்று வலியுறுத்துகிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சமும் தளராதீர்கள். சிறிய நியோடிமியம் காந்தங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் மடிப்புகளுக்குக் குறுக்கே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காத்திருந்து பார்ப்பது கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இருக்கும் இடத்தில் அவற்றை வெளியே எடுக்கவே வேண்டாம். செல்லை நேரடியாகக் கம்பியால் இணைக்கும்போது கம்பி சுடும், ஓரிரு நொடிக்கு மேல் வேண்டாம். போன் பேட்டரியையும் வீட்டு மின்சாரத்தையும் இந்தச் சோதனைகளின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நாற்பத்தைந்து பேர், ஒரே ஒரு பாடவேளை என்று எழுதியிருந்தீர்கள். ஆறேழு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு காந்தம், ஒரு ஊசி, ஒரு சார்ட் தாள் கொடுங்கள். முதல் பாதியில் பென்சில் அம்பும் சிவப்பு அம்பும் போடட்டும். பிறகு கோடு வரைந்து, கோடுகளுக்கு நடுவில் ஊசியை வைத்துப் பார்க்கட்டும். நேரம் இருந்தால் நீங்கள் மேசையில் இரண்டு கண்ணாடித் தாள்களை வைத்துத் தூள் சோதனையைச் செய்து காட்டுங்கள். நேரம் இல்லையென்றால் தூளை அடுத்த வகுப்புக்குத் தள்ளிவையுங்கள், அம்புகளை அவசரப்படுத்த வேண்டாம்.